கைக்குப் புரியும் சொல்

பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சிக்கு வருபவரிடம் "தோளைத் தூக்குங்கள், முழங்கையை நீட்டுங்கள், விரலை விரியுங்கள்" என்றால் உடம்பு முழுதும் விறைத்துக்கொள்ளும். பல்லைக் கடிப்பார், மூச்சை அடக்குவார், தோள் காதுவரை ஏறிவிடும். கை மட்டும் மடியிலேயே கிடக்கும். அதே கைக்கு எதிரே எவர்சில்வர் டம்ளரை வைத்து, "அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டால், பலருக்கு நடுக்கத்தோடாவது கை புறப்படுகிறது. டம்ளரைத் தொடுவதற்கு முன்பே, முடிந்த அளவுக்கு, அதன் பருமனுக்கேற்ப விரல்கள் விரியத் தொடங்குகின்றன. இயன்முறை மருத்துவராக நான் அலுக்காமல் பார்க்கும் காட்சி இது.

2004இல் ஹௌக், ஜான்ஸ்ரூட், புல்வர்முல்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், நக்குதல், எடுத்தல், உதைத்தல் போன்ற வினைச்சொற்களைச் சும்மா வாசித்தபோதே, நாக்கையும் விரலையும் காலையும் அசைக்கும் மூளைப் பகுதிகளை ஒட்டியே செயல்பாடு தெரிந்தது. இதை வைத்து "சொன்னாலே கை அசைந்துவிடும்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வாக்கியம் குறிக்கும் திசையிலேயே கையை நகர்த்துவது எளிது என்று 2002இல் வந்த புகழ்பெற்ற முடிவைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அது உறுதியாகவில்லை. அந்த அறிக்கை 2022இல் வெளியானது. சொல்லுக்கும் தசைக்கும் உறவு உண்டு. அது எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் வழக்கு.

டம்ளர் கண்ணெதிரே இருப்பதால்தானே கை நகர்கிறது, சொல்லுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நடைப்பயிற்சியைப் பாருங்கள். தரையில் போட்ட கோடு இரண்டு முறையும் ஒன்றுதான். "முழங்காலை மடக்குங்கள்" என்றால் குனிந்து காலையே பார்க்கிறார்கள். "கோட்டைத் தாண்டுங்கள் அம்மா" என்றால் தாண்டுகிறார்கள். கவனம் உறுப்பின்மேல் இல்லாமல் செயலின் விளைவின்மேல் இருந்தால் அசைவு நன்றாகப் படிகிறது என்று அசைவுப் பயிற்சியை ஆராயும் கேப்ரியல் வுல்ஃப் 1998 முதல் காட்டிவருவதும் இதையே.

ஆகவே புதிதாகச் சேரும் பயிற்சி மாணவர்களிடம், தசையின் வலுவை அளக்கும் முன் நோயாளி என்ன வேலை பார்த்தார் என்று கேட்கச் சொல்கிறேன். பூ கட்டியவருக்கு நூலையும் உதிரி மல்லிகையையும் கொடுத்து "இதைக் கட்டிக் கொடுங்கள் அம்மா" என்கிறோம். தச்சரிடம் உப்புத்தாளைக் கொடுத்து இழைக்கச் சொல்கிறோம். வீட்டாரிடமும் இதே கோரிக்கைதான்: "கையைத் தூக்குப்பா" என்று நாள் முழுக்க வற்புறுத்தாதீர்கள், துண்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.