மாரிக்கு முன்

ஒக்டோபர் 3

மாமாவின் பழைய எலெக்ற்றிக் கிற்றார். கம்பிகளைத் தளர்த்தத் தளர்த்தக் கழுத்து தானாகப் பின்னுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரிகிற அசைவு. நாலு திருகாணி பிடித்திருக்கிற கழுத்து அப்படி அசையக் கூடாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் தாராளமாக நுழைந்தது. இதை வைத்து மனுசன் எப்படி வாசித்தார்?

நாலில் மூன்று திருகாணி இரண்டு விரலால் சுழற்றவே வந்துவிட்டன. மூன்றும் மூன்று சாதி. ஒன்று கூரைத் தகரத்துக்கு அடிக்கிறது. நாலாவது அசையவே இல்லை. அதன் தலையைச் சுற்றி அறல்டைற் பசை வழிந்து மஞ்சளாக இறுகிக் கிடக்கிறது. யாரோ ஒரு மகான், கழுத்து உடலில் வந்து உட்காருகிற குழி முழுக்க ஊற்றியிருக்கிறான்.

மாமாவோடு ஆஸ்பத்திரியில் நிற்கிற மாமி போன் எடுக்கவில்லை.

ஒக்டோபர் 4

இரணைமடுக் குளத்தில் தண்ணி எவ்வளவு நிற்குது என்று அப்பாவிடம் கேட்டால் வானத்தைக் காட்டுகிறார்.

ஒக்டோபர் 6

பெயர்த்தகடு எப்போதோ விழுந்துபோய்விட்டது. தலையில் இரண்டு சின்ன ஓட்டை மட்டும் மிச்சம். கோடு கோடாகச் சீவிய உலோகத் தகடு, ராக்கர் சுவிட்சுகள், கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பொன்தாள் வைத்த பிக்கப், தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற நட்டுக்கு அடுத்து வருகிற பூச்சிய ஃப்ரெட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் டெய்ஸ்கோ என்றுதான் சொல்லுவேன். 1946இல் தோக்கியோவில் தொடங்கின கொம்பனி. 1967இல் கவாய் அதை வாங்கியது, பியானோ செய்கிற அதே கவாய். அந்த நாளில் ஒரே தொழிற்சாலைக் கிற்றார் நாட்டுக்கொரு பெயரோடு கப்பலேறும். மாமாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர் அதை ‘ஜப்பான்’ என்றுதான் சொல்லுவார். ‘ஜப்பானை எடுத்துக்கொண்டு வா’ என்பார்.

பின்னேரம் முழுக்க அந்த நாலாவது திருகாணியோடு போச்சு. அறல்டைற்றைத் தண்ணி கரைக்காது, தின்னரும் லேசில் அசைக்காது. சூட்டுக்குத்தான் இளகும். ஆனால் சூடு கூடினால் வார்னிஷ் கொப்பளிக்கும். ஆகவே மரத்தைச் சுடாமல் ஆணியைச் சுட வேண்டும். ஈயம் ஒட்டுகிற சோல்டரிங் அயனின் நுனியைத் திருகாணித் தலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உலோகம் சூட்டை உள்ளே கொண்டுபோகும், ஆணியைச் சுற்றியிருக்கிற பசை மட்டும் இளகும். முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு ஸ்க்ரூ ட்ரைவரை அழுத்திப் பிடித்துத் திருகினேன், கால்வாசிச் சுற்று. அங்கேயே கரண்ட் போய்விட்டது.

இருட்டில் இருந்து அந்த மகானைத் திட்டினேன். உடைந்ததை ஒட்டுவது பிழையில்லை. அடுத்தவன் திறக்கவே முடியாத மாதிரி ஒட்டுவதுதான் பிழை. திருகாணிக் கழுத்தின் முழு அர்த்தமே அது கழன்று வரும் என்பதுதான். பசை வைக்க வேண்டுமென்றால் ஜப்பான்காரனே வைத்திருப்பானே.

ஒக்டோபர் 7

மாமாவுக்கு விரல் லேசாக அசையுதாம். எந்தக் கை என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

ஒக்டோபர் 9

வந்துவிட்டது!

அம்மாவின் பழைய மேசைக்கத்தியை அயன் பெட்டியில் சூடாக்கி, கழுத்துக்கும் குழிச்சுவருக்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தேன். அவசரப்படுகிற வேலையில்லை. கத்தி ஆறினால் எடுத்து மறுபடி சூடாக்க வேண்டும். கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். நெஞ்சு நின்றுவிட்டது. மரம் உடையவில்லை, பசைதான் விட்டது.

உள்ளே பார்த்தது இது. கீழ்க் கம்பிப் பக்கத்துச் சுவர் மூலையில் வெடித்து, வெடிப்பு மரத்தின் நாரோடு ஓடித் திருகாணி ஓட்டையில் முடிகிறது. வெடிப்புக்குள் பசை இறங்கவே இல்லை, மேலே தோலாகப் படிந்திருக்கிறது. அதனால் நல்லதாய்ப் போச்சு. உள்மரம் இன்னும் சுத்தம். கழுத்தின் அடியில் நாலு ஓட்டையும் பெருத்து, புரி எல்லாம் தேய்ந்து கிடக்கிறது. குழியின் அடியில் மட்டையொன்றை மடித்து ஆப்பாக வைத்திருக்கிறார்கள். பசையில் ஊறியும் ஊறாமலும் ஒரு பாதி. அழுக்கு மஞ்சள், கோடு போட்டது, ஒரு இலக்கத்தின் கடைசி எண்கள் தெரிகின்றன. எறியாமல் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஒக்டோபர் 10

ஒன்றும் இல்லை. புழுக்கம்.

ஒக்டோபர் 12

பரந்தனுக்குப் போய்த் தச்சு ஐயாவிடம் கழுத்தைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன, வீணையின்ர பிள்ளையோ?” என்றார். பிறகு ஓட்டைகளுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு பகிடி இல்லை.

தேய்ந்த ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, மரமுளை இறுக்கி, அதில் புதிதாக ஓட்டை போட வேண்டும். என் கேள்வி எந்த மரம் என்பது. கழுத்து மேப்பிள். வன்னியில் மேப்பிளுக்கு எங்கே போவது? ஐயா யோசிக்கவே இல்லை. பழைய கதவுநிலை ஒன்றிலிருந்து அறுத்த முதிரைத் துண்டை எடுத்தார். வருசக்கணக்காய்க் காய்ந்த மரம், இனி அசையாது என்றார். புது முதிரை என்றால் பேர்மிற் இல்லாமல் ஒரு துண்டும் அசைக்க முடியாது, அது வேறு கதை. பாலை மரமும் தரலாம், ஆனால் அது உளிக்குப் பேய்க்காட்டும் என்றார்.

கடையில் விற்கிற உருண்டைத் தடியை வெட்டிச் செருகினால் போதாதா என்று கேட்கலாம் என்று இருந்தேன். கேட்காமலே பதில் வந்தது. “தம்பி, நார் போற வாக்கில ஆணியை இறக்கினா அது பிடிக்காது, நாரைப் பிளந்துகொண்டு போகும். குறுக்கால இறங்கவேணும்.” அதனால் தடியை வெட்டாமல், பலகையின் முகத்திலிருந்து முளையைக் குடைந்து எடுத்தார். கழுத்தின் நாரும் முளையின் நாரும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் பென்சில் கோடு போட்டுத் தந்தார். 10 மில்லிமீற்றர் முளைகள். வெட்டின இடம் வெண்ணெய் நிறத்தில் மினுங்குகிறது.

காசு வாங்கவில்லை. “வாசிச்சுக் காட்டு, அது காணும்.” நான் வாசிக்கிறவன் இல்லை என்று சொல்லவில்லை.

ஒக்டோபர் 13

மேற்கில் மின்னல். இன்னும் ஒட்டவில்லை. மாரி பிடித்தால் மரம் ஈரம் குடிக்கும், பசை காயாது. ஊரெல்லாம் மழை கேட்டுக்கொண்டிருக்க நான் ஒருத்தன் வேண்டாம் வேண்டாம் என்கிறேன். அப்பாவிடம் சொல்லக் கூடாது.

ஒக்டோபர் 15

வச்சிரம், மாட்டுத்தோல் காய்ச்சின பசை. ஐயா போனதடவை பேப்பரில் சுற்றித் தந்த கட்டிகள். குளிர்தண்ணியில் இராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பால்ரின் ஒன்றைச் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினேன். கொதிக்க விட்டால் வலு போய்விடும். 60 பாகை போதும். அம்மா அடுப்படியை விட்டு வெளியே போய்விட்டா. மாட்டுத்தோல் நாற்றம்தான், மறுக்க முடியாது.

அறல்டைற் மிச்சத்தை உளியால் மரம் தெரியும்வரை சுரண்டியாயிற்று. வெடிப்பை மெல்லத் திறந்து பிடித்து, தலைமயிர் காயவைக்கிற மெசினால் மரத்தைச் சூடாக்கி, தூரிகையால் பசையை உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டேன். வச்சிரம் காத்திருக்காது, குளிர்ந்தால் உறைந்துவிடும், ஒரு மூச்சில் முடிக்க வேண்டும். வெடிப்பின் நீளம் முழுக்கப் பசை பிதுங்கி வந்தது. அதுதான் வேண்டியது.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், ஐம்பது வருசம் கழித்து இன்னொருத்தன் இதைத் திறக்க நினைத்தால் சூடும் ஈரமும் காட்டினால் போதும், விட்டுவிடும். நாளைக்கு முளைகளுக்கும் இதே பசை.

ஒக்டோபர் 17

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தா. பெரியாஸ்பத்திரி வாங்கில் படுத்துப் படுத்து முதுகு போச்சு என்கிறா. உடுப்பு மாற்றிக்கொண்டு நாளைக்கே திரும்பிப் போக வேண்டும். தேத்தண்ணி குடிக்கிறபோது மேசையில் கிடந்த மட்டைத் துண்டை எடுத்துப் பார்த்தா. கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்தா.

“இது எங்கட கூப்பன் மட்டையெல்லோ!”

பங்கீட்டுச் சாமான் எடுக்கிற அட்டை. எங்கே இருந்தது என்று சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு குரலில் தொடங்கினா. “அதைத் துலைச்சுப்போட்டன் எண்டு விதானையிட்ட நான் எத்தினை நாள் அலைஞ்சனான். தேடாத இடமில்லை. இந்த மனுசனும் என்னோட சேர்ந்து தேடினவர், ராசா. கட்டிலுக்குக் கீழ எல்லாம் குனிஞ்சு தேடினவர்.”

அப்போ அறல்டைற்?

“அவர்தான். வேற ஆர்? ஆரோ வவுனியாவில இருந்து ஒளிச்சுக் கொண்டு வந்து குடுத்தது. வாளி ஓட்டை அடைக்க வைச்சிருந்தனான்.”

தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், இங்கே கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்த நாளில் இந்த மனுசன் எலெக்ற்றிக் கிற்றாரைத் திருத்தியிருக்கிறார், எதில் செருகிக் கேட்க? மாமி சொல்லுறா, கிற்றாரின் கொம்பில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு வாசிப்பாராம். பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் கேட்காதாம். ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப்பிசைப் பாட்டெல்லாம் அப்படித்தான் போகுமாம்.

இத்தனை நாளும் நான் திட்டின மகான்.

என்றாலும் ஊற்றியிருக்கக் கூடாது. அதில் மாற்றமில்லை.

ஒக்டோபர் 18

மாமியை ஏ9 றோட்டில் பஸ் ஏற்றினேன். இடது கைதானாம்.

ஒக்டோபர் 20

துளைக்கிற நாள். நித்திரை வரவில்லை.

10–46 தடிப்புக் கம்பி செட் போட்டுச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற பாரம் ஏறக்குறைய 45 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சீமெந்து மூட்டையைக் கழுத்தின் நுனியில் கட்டி இராப்பகலாகத் தொங்கவிடுகிற கணக்கு. அதை நாலு திருகாணி தாங்க வேண்டும். தாங்குவது என்றால் ஆணி பாரம் சுமப்பதல்ல. கழுத்தைக் குழியின் அடியோடு அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதற்கு ஆணி உடல் மரத்தில் பிடிக்கவே கூடாது. உடலில் அது தாராளமாக வழுக்கிப் போய், கழுத்தில் மட்டும் கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியும் அப்படியே பூட்டப்பட்டுவிடும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. மாமாவுடைய தகர ஆணி செய்தது அதுதான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கூப்பன் மட்டை, மட்டை போதாததால் அறல்டைற். ஒன்றிலிருந்து ஒன்று.

ஆகவே உடல் ஓட்டைகளைக் கொஞ்சம் பெருப்பித்தேன். கழுத்தைக் குழியில் வைத்து, இரண்டு ஓரக் கம்பிக்குப் பதிலாகத் தையல் நூல் கட்டி, நூலுக்கும் பலகை விளிம்புக்கும் இடையிலான தூரம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்த்துப் பார்த்துக் குறித்தேன். 4 மில்லி ஆணிக்கு 3 மில்லி ஓட்டை. முதிரையில் அதைவிடச் சின்னதாகப் போட்டால் ஆணி முறியும். துளை அலகில் ஆழத்துக்கு ரேப் சுற்றினேன். ஒரு சொட்டுக் கூடினால் ஃப்ரெட் பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

வரவில்லை. ஆணிப் புரியில் மெழுகுதிரி தேய்த்து இறக்கினேன். நாலும் ஒரே சாதி. கடைசி முறுக்கில் முதிரை ஒரு சின்னக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

ஒக்டோபர் 21

போன் இல்லை.

ஒக்டோபர் 23

மழை. அப்பா குடை இல்லாமல் முற்றத்தில் நிற்கிறார், யாராலும் உள்ளே கூப்பிட முடியாது.

ஆப்பு செய்தேன். மட்டையைக் குழியின் ஒரு நுனியில் மட்டும் வைத்தால் நடுவே வெறுமை விழும், காலப்போக்கில் கழுத்தின் அடி அந்த வெறுமைக்குள் வளையும். அதனால் குழியின் நீளம் முழுக்க வருகிற ஆப்பு: ஒரு முனை அரை மில்லி, மறுமுனை ஒன்றுமில்லை. குழி நீளம் 75 மில்லி. இங்கே அரை மில்லி சரித்தால், உடலில் கம்பி முடிகிற பாலத்துக்குப் போகும்போது அது ஒரு மில்லிக்கு மேல் ஆகிவிடும். முதிரைச் சீவலைக் கண்ணாடித் தட்டில் ஒட்டிய சான்ட் பேப்பரில் தேய்த்து இறக்கினேன். விரலால் தடவினால் மெல்லிய முனை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

கூப்பன் மட்டையை என்ன செய்வது? மாமி கேட்கவில்லை. மாமா கேட்டால்?

ஒக்டோபர் 26

கழுத்தையும் உடலையும் பிடித்து வளைத்துப் பார்த்தேன். அசைவில்லை. குழிக்குள் டோர்ச் அடித்தால் எங்கும் வெளிச்சம் கசியவில்லை. பசை ஒரு துளியும் இல்லாத பொருத்து.

மாமி கூப்பிட்டா. அடுத்த கிழமை வீட்டுக்கு விடக்கூடுமாம். ஒரு பந்தை அமத்தச் சொல்லிக் கொடுத்திருக்கினமாம். ‘ஜப்பான் எங்கே’ என்று கேட்டவராம். பேச்சுத் தெளிவாகத்தான் இருக்காம்.

ஒக்டோபர் 27

10–46 வேண்டாம். 9–42 போட்டால் இழுவை 38 கிலோ அளவுக்கு இறங்கும், அமத்துகிற விரலுக்கும் அவ்வளவு பாரமில்லை. கிளிநொச்சியில் விசாரித்தேன், இல்லை. நாளைக்கு மாமி ஆஸ்பத்திரியால் வெளிக்கிடுகிறபோது யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்பது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் பத்தைத்தான் தருவார்.