ஒலிப்பதிவை யார் கேட்பார்கள்?

பத்து ஆண்டுகள் கணிதம் நடத்திய பிறகுதான் மாணவர் ஆலோசனையில் முதுகலைப் பட்டம் படிக்கும் எண்ணம் வந்தது. அதற்குக் காரணம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்று, “சார், எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை” என்றாள். நான் கால்மணி நேரம் பேசினேன். கால அட்டவணை போட்டுக் கொடுத்தேன், அதிகாலையில் எழச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவள் மறுபடி வரவில்லை. அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

படிப்பைத் தேடத் தொடங்கியபோது கட்டணம், காலம், விடுப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்த்தேன். பாடத்திட்டங்களை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: ஆளுமைக் கோட்பாடுகள், வளர்ச்சி உளவியல், தொழில் வழிகாட்டல், உளச்சோதனைகள். நான் விரும்பும் பணிக்கு அந்தப் பட்டம் செல்லுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொண்டேன். உளவியல் பட்டமும் ஆலோசனைப் பட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றாக எண்ணப்படுவதில்லை.

என் கண்ணைத் திறந்தது களப்பயிற்சிக் கணக்கு. அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காக்ரெப் அமைப்பு முதலில் 100 மணி நேரப் பயிற்சியும், பிறகு 600 மணி நேரப் பணிப்பயிற்சியும் கேட்கிறது. முதலாவதில் 40 மணி நேரமும் இரண்டாவதில் 240 மணி நேரமும் உதவி தேடி வந்தவர்களோடு நேரடியாகச் செலவிட்டதாக இருக்க வேண்டும். மீதியில் கோப்பு, கூட்டம், தயாரிப்பு எல்லாம் அடங்கும். நான் விசாரித்த ஒரு நிறுவனத்தில் மொத்த மணி நேரத்தைப் பெருமையாகச் சொன்னார்கள். அதில் எத்தனை மணி நேரம் ஒரு மாணவன் எதிரே உட்கார்ந்திருப்பான் என்று கேட்டதும் பதில் மழுங்கிவிட்டது. “அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும்” என்றார்கள். அறிக்கையில் நான் எப்போதும் நல்லவனாகத்தான் இருப்பேன்!

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் இதை அன்றே உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆலோசனை அமர்வுகளை ஒலித்தட்டுகளில் பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். 1942இல் வெளியிட்ட நூலில் ஒருவருடைய அமர்வுகள் முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை பெரும்பாலும் ஆலோசகரின் நினைவுதானே சாட்சி.

ஆற்றுப்படுத்துதல் என்றும் இந்தப் பணியைச் சொல்கிறோம். அழகான சொல். ஆனால் ஆற்றுப்படையில் வழி சொல்பவன் பரிசு பெற்றுத் திரும்புகிறவன், போகவேண்டிய இடம் அவனுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெண்ணின் வழி எங்கே தெரியும்?

கடைசியில் நான் சேர்ந்தது பெயர் பெற்ற இடமல்ல, ஓர் ஆண்டு கூடுதலாகவும் ஆனது. “உங்களிடம் வரும் மாணவரின் ஒப்புதலோடு அமர்வைப் பதிவு செய்வீர்கள். வாரம் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து கேட்பீர்கள். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும்” என்றார் மேற்பார்வையாளர்.

கொஞ்சமா? நாற்பது நிமிடப் பதிவில் இருபத்தாறு நிமிடம் என் குரல். ஓரிடத்தில் அவர் நிறுத்தினார். பையன் ஏதோ சொல்ல வந்து மௌனமாகிறான், நான்காவது விநாடியில் நான் புகுந்துவிடுகிறேன். “இவன் என்ன சொல்ல வந்தான்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது பத்து விநாடி வரை தாங்குகிறேன். பதினொன்றாவதில் இன்னமும் ஏதாவது உளறிவிடுகிறேன்.