திரும்பி வராத ஒளி

நேற்று ஒகேனக்கல்லில் பரிசலில் போனோம். பாறையில் மோதிய தண்ணீர் கொஞ்சம் பின்னால் சுழன்று, அப்புறம்தான் வழி கண்டு ஓடியது. ஒளியும் அப்படித்தான்; பாதையில் ஒரு சின்னக் குறை இருந்தாலே ஒரு பகுதி வந்த வழியே சிதறும்.

காந்தப்புலத்தைக் கொண்டு ஒளியை ஒரு பொருளின் விளிம்போரமாக ஒரே திசையில் ஓட வைக்கலாம் என்று இயற்பியலாளர்கள் ஹால்டேனும் ரகுவும் 2008-இல் எழுதினார்கள். 2009-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு, ஒளியின் இனத்தைச் சேர்ந்த நுண்ணலையில் (மைக்ரோவேவ்) அதைச் செய்தே காட்டியது. குறுக்கே உலோகத்தை வைத்தும் அலை சுற்றிக்கொண்டு போனது. திரும்புவதற்குப் பாதையே இல்லையே! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இதையே ஓரணுத் தடிமன் கார்பன் தாளான கிராஃபீனில், எலக்ட்ரான்களோடு பிணைந்து ஓடும் ஒளி அலைகளான பிளாஸ்மான்களிலும் ஆராய்கிறார்கள். அலை திரும்பிச் சிதறாமல் காக்கும் இந்த ஒருவழிப் பாதை, அது வெப்பமாக மாறி இழப்பதை மட்டும் தடுக்காது.

தருமபுரி திரும்பும் பேருந்தில் மகளிடம் பென்சில் முனையைக் காட்டி, "இதுக்குள்ள கிராஃபீன் அடுக்கடுக்கா இருக்கு பாப்பா" என்றேன். ஊர் வரும்வரை விரலில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.