பாரிஸ் புறநகரில் 2023 கலவர இரவுகள்: புறப்படும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்காக

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் படிக்கவோ வேலைக்கோ புறப்படும் பிள்ளைகளின் பெற்றோர், அங்கே சில காலம் இருந்து திரும்பியவன் என்ற முறையில் என்னிடம் விசாரிக்க வருவதுண்டு. முன்பெல்லாம் வாடகையையும் குளிரையும் பற்றிக் கேட்டவர்கள், இப்போது கலவரம் வந்தால் என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 2023 ஜூன் இறுதியில் கலவரம் வெடித்தபோது, பாரிசுக்கு வடக்கே உள்ள கார்ஜ் லே கோனெஸ் என்னும் ஊரில் அக்கா வீட்டில் நான் தங்கியிருந்தேன். அத்தானின் தந்தை பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா என்பதால் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. நான் இந்தியப் பாஸ்போர்ட்டும் கார்த் தெ செழூர் என்னும் வசிப்பு அனுமதி அட்டையும் வைத்திருந்தவன். இந்த வேறுபாட்டால் அந்த நாட்களில் நான் எடுத்த சில முடிவுகள் அவர்களுடையவற்றிலிருந்து மாறுபட்டன.

ஜூன் 27 செவ்வாய்க்கிழமை காலை, பாரிசுக்கு மேற்கே நாந்தேரில் நடந்த வாகனச் சோதனையின்போது நயெல் மெர்சூக் என்ற 17 வயது இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சி சில மணி நேரத்தில் எல்லோருடைய கைப்பேசியையும் எட்டிவிட்டது. முதல் இரவில் நாந்தேரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எரிந்த தீ, மறுநாள் இரவு எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கார்ஜின் மேரி என்னும் நகராட்சி அலுவலகம் தீக்கிரையாயிற்று. அதைப் பார்வையிடப் பிரதமர் எலிசபெத் போர்ன் மறுநாள் நேரில் வந்தார்.

எங்கள் வீட்டில் அதிகம் பதறாதவர் அத்தான்தான். 2005 அக்டோபரில் கிளிஷி சு புவாவில் இரண்டு சிறுவர்கள் காவலர்களுக்கு அஞ்சி மின்நிலையம் ஒன்றுக்குள் ஒளிந்து மின்சாரம் தாக்கி இறந்ததைத் தொடர்ந்து மூன்று வாரங்கள் நீடித்து, நெருக்கடி நிலை அறிவிப்பு வரை போன கலவரத்தை அவர் அதே ஊரில் இருந்து பார்த்தவர். அப்போது எரிந்தவை கார்களும் பேருந்துகளும் குப்பைத் தொட்டிகளும் பள்ளிகளும் அரசுக் கட்டடங்களுமே தவிர, குடியிருப்பு வீடுகளைத் தேடி வந்து யாரும் தாக்கவில்லை என்றும், வீட்டுக்கு ஆபத்து வந்தால் அது பக்கத்தில் எரியும் பொருளிலிருந்து பரவும் தீயாலும் புகையாலும்தான் வரும் என்றும் அவர் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் நாங்கள் செய்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்தக் கணிப்பைச் சார்ந்தே இருந்தன.

பால்கனியில் காய்ந்த துணிகளையும் அட்டைப் பெட்டிகளையும் முதல் வேலையாக உள்ளே எடுத்தோம். காவலர்களை நோக்கி விடப்பட்ட வாணவெடிகள் குறி தவறி எந்த மாடியிலும் வந்து விழக்கூடும் என்ற நிலை இருந்தது. இருட்டியதும் ஜன்னல்களின் வெளிக்கதவுகளை இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்த அறையில் யாரும் படுப்பதில்லை என்று முடிவு செய்தோம். மாடிப்படியில் புகை சூழ்ந்திருந்தால் கீழே ஓடக்கூடாது, கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணியைச் செருகிவிட்டு 18 என்ற தீயணைப்பு எண்ணை அழைக்க வேண்டும் என்று அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்த இரவுகளிலும் அந்த ஈரத்துணி பயன்பட்டது.

எனக்கிருந்த சிக்கல் வீட்டைவிட வழியில்தான் அதிகம். பாரிசின் லா சாப்பல் பகுதியில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் உணவகத்தில் வேலை செய்துவிட்டு, நள்ளிரவை ஒட்டிக் கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் கார்ஜ் சார்செல் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் வீடு திரும்புவது என் வழக்கம். ஜூன் 29 முதல் பாரிஸ் வட்டாரம் முழுவதும் இரவு ஒன்பது மணிக்குப் பேருந்துகளும் டிராம்களும் நிறுத்தப்பட்டன. ரயில் ஓடினாலும், நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசித் தொலைவை நடந்துதான் கடக்க வேண்டும். ஆபத்து முழுவதும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறையவே பத்து மணி ஆகும் என்பதால் ஒன்பது மணி வெளிச்சமாகத்தான் இருக்கும். கூட்டம் சேர்வதெல்லாம் அதற்குப் பிறகே. முதலாளியிடம் பேசியபோது, அவரும் மாலையிலேயே கடையை அடைக்க எண்ணியிருந்ததாகச் சொன்னார். அடைக்க முடியாத ஓரிரு நாட்களில் வீட்டுக்குப் போகாமல் லா சாப்பலிலேயே உடன் வேலை செய்த நண்பர் அறையில் படுத்துக்கொண்டேன்.

பகல் நேரம் முற்றிலும் வேறு உலகமாக இருந்தது என்பதை ஊரில் இருப்பவர்கள் நம்ப மறுத்தார்கள். காலையில் ரொட்டிக்கடை திறந்திருக்கும். கருகிய குப்பைத் தொட்டியின் பக்கத்தில் நின்று பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். அம்மாவோ முத்தியால்பேட்டையில் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, 2011-இல் வந்த ‘தானே’ புயலுக்கு ஆயத்தம் செய்ததுபோல் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார். அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கச் சொன்னார். புயலில் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகும். இங்கே இரவில் மட்டும் நின்று காலையில் மீண்டும் தொடங்கிவிடும் என்பதால் மூட்டை மூட்டையாகச் சேர்ப்பதில் பொருளில்லை. ஆனால் அக்காவின் இரத்த அழுத்த மாத்திரையை முன்கூட்டியே வாங்கியதும், கையில் சிறிது ரொக்கம் வைத்துக்கொண்டதும் நல்லதாயிற்று. கடைகளும் வங்கிகளும் சூறையாடப்பட்ட வீதிகளில் மறுநாள் எது திறந்திருக்கும் என்று சொல்ல முடியவில்லை.

இங்கே அதிகாலை நாலரை மணி என்றால் கோடைக்காலத்தில் அங்கே இரவு ஒரு மணி. அம்மா எழுந்ததும் அழைப்பார்; வெடிச்சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. பேசினால் சத்தம் கேட்டு அவர் இன்னும் கலங்குவார் என்பதால், படுக்கப் போகுமுன் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறோம் என்று ஒரு செய்தி, காலையில் எழுந்ததும் இன்னொன்று என ஒழுங்கு செய்துகொண்டோம். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்தவற்றை அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பல மாடிக் கட்டடத்திலிருந்து கார்கள் கொட்டும் காட்சி பிரான்சில் நடந்தது என்று பரவியது. அது பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படத்துக்காக எடுக்கப்பட்டது. இணையத்தைத் துண்டிக்கப் போகிறார்கள் என்று அரசு முத்திரையோடு சுற்றிய அறிவிப்பும் போலியே; உள்துறை அமைச்சகம் அதை வெளிப்படையாக மறுத்தது.

வெளிநாட்டவன் என்பதால் நான் மட்டும் கடைப்பிடித்தவை சில உண்டு. அங்கே காவலர் கேட்டால் வெளிநாட்டவர் தம் வசிப்பு உரிமைக்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்பதால் கார்த் தெ செழூர் எப்போதும் சட்டைப்பையில் இருந்தது. பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டின் படங்களையும் மின்னஞ்சலில் ஏற்றி, தம்பிக்கும் அனுப்பியிருந்தேன். நயெலுக்கு நீதி கேட்டு நடந்த அமைதிப் பேரணியில் அக்கா மகன் கலந்துகொண்டான். அவனுடைய நியாயம் எனக்கும் புரிந்தது, ஆனாலும் நான் போகவில்லை. கூட்டம் கலைக்கப்படும்போது யார் பேரணிக்கு வந்தவர், யார் வேடிக்கை பார்த்தவர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிடிபட்டால் அவனுக்குப் போவது ஓர் இரவு, எனக்குப் போவது வசிப்பு உரிமை.

கலவரம் ஜூலை முதல் வாரத்தில் அடங்கியது. ஜூலை 14 தேசிய நாளை ஒட்டி அரசு வாணவெடி விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை போட்டதால் அந்த நாளும் பெரிய அசம்பாவிதமின்றிக் கழிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அலைச்சல் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். நாடு முழுவதும் எரிந்த ஏறத்தாழ 12,000 வாகனங்களில் எங்கள் குடியிருப்பின் முன் நின்ற அத்தானின் பழைய காரும் ஒன்று.

கார் எரிந்த இரவு விடிந்ததும் அத்தான் எதையும் தொடாமல் எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். எண்பலகை தெரியும்படி எடுத்த படம் பின்னால் மிகவும் உதவிற்று. அடுத்து கொமிசரியா என்னும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அதே வேலைக்காக வந்தவர்களின் வரிசை தெருவரை நீண்டிருந்ததால் இரண்டாம் முறை போனபோதுதான் ரசீது கிடைத்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வழக்கமாக ஐந்து வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த முறை நிறுவனங்கள் அதை 30 நாட்களாக நீட்டித்தன. ஆனாலும் அத்தானின் காப்பீடு மூன்றாம் நபருக்கான குறைந்தபட்ச வகை என்பதால், தீயினால் வந்த இழப்பு அதில் சேராது என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. தொலைபேசியில் பேசிய பெண் அதோடு முடித்துக்கொண்டார். வேறு வழி உண்டா என்று கேட்டதற்குத் தெரியாது என்றார்.

வழி இருந்தது. எரிக்கப்பட்ட வாகனத்துக்கு வேறெங்கும் இழப்பீடு பெற முடியாத, வருமானம் ஒரு வரம்புக்குள் இருப்பவர்கள், நீதிமன்றத்தில் இயங்கும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆணையம் ஒப்புக்கொண்டால் அதற்கென உள்ள உத்தரவாத நிதி ஓர் உச்சவரம்புக்குள் பணம் கொடுக்கும். எங்கள் மாவட்டத்துக்கான நீதிமன்றம் பொந்துவாசில் இருந்தது. புகார் ரசீது, கார்த் கிரீஸ் என்னும் வாகனப் பதிவு, காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம், வருமான வரி அறிக்கை ஆகியவற்றோடு, வாகனம் எரிந்த அன்று காப்பீடும் தொழில்நுட்பச் சோதனையும் காலாவதியாகாமல் இருந்தன என்பதற்கான சான்றையும் கேட்டார்கள். எங்கள் கட்டடத்தில் இன்னொரு குடும்பம் இந்தக் கடைசிச் சான்று இல்லாததால் விண்ணப்பிக்கவே முடியாமல் போயிற்று. மறுப்பை வாயால் சொன்ன நிறுவனத்திடம் அதை எழுத்தில் வாங்கத்தான் அத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. பதிவுத் தபாலில் கேட்ட பிறகே கடிதம் வந்தது.

பணம் வந்தபோது நான் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டிருந்தேன். அதோடு கொஞ்சம் கடனும் சேர்த்து அத்தான் இன்னொரு பழைய கார் வாங்கி, இந்த முறை தீயும் திருட்டும் சேர்ந்த காப்பீடு எடுத்திருக்கிறார்.