மெஷினைவிடப் பிடி முக்கியம்

மரம் தறிக்கிற வேலைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. மட்டக்களப்பில் செங்கலடியிலிருந்து வவுணதீவு வரை, வளவில் சாய்ந்து நிற்கிற வேம்பு, பட்டுப்போன தென்னை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் செயின்சோ என்கிற மெஷின் வாளைத் தூக்கிக்கொண்டு போவேன். முதல் மெஷின் வாங்கும்போது நான் கேட்டது இரண்டே விஷயம்: என்ஜின் எத்தனை சிசி, செயின் சுற்றி ஓடுகிற பார் எத்தனை அங்குலம்? பிடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் வருட மாரியில் ஒரு விடிகாலை. கிணற்றில் குளித்துவிட்டுச் சாரத்தைக் கட்டப் போனால் இடது கையில் மூன்று விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. சாரத்தின் ஓரம் விரலில் படுவதே தெரியவில்லை. வைத்தியர் முதலில் கேட்டது என் தொழிலைத்தான். அதிர்வு வருடக்கணக்கில் ஏறினால் விரலின் இரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போகும், குளிர் பட்டதும் அது வெளியே தெரியும் என்றார். 1978 நவம்பர் சூறாவளி விழுத்திய தென்னைகளை அப்பா ஆட்கள் கோடரியாலும் கைவாளாலும்தான் தறித்தார்கள். அவர்கள் கை காய்த்தது, ஆனால் இப்படி மரத்துப்போகவில்லை.

என் மெஷினில் பிடி நேரே என்ஜினோடு முடுக்கியிருந்தது. நல்ல மெஷினில் என்ஜினும் பாரும் ஒரு பகுதி, இரண்டு பிடியும் வேறொரு பகுதி. நடுவே ஸ்பிரிங்கோ ரப்பரோ இருந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். கூட வரும் புத்தகத்தில் முன்பிடிக்கும் பின்பிடிக்கும் அதிர்வு அளவு தனித்தனியாக இருக்கும். ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 2.5 மீ/செ² தாண்டினாலே கவனம் எடுக்க வேண்டும், 5 தான் உச்ச வரம்பு. அளவு இரண்டு மடங்கானால் நேரம் நாலில் ஒன்றாகிவிடும். அதாவது 5 காட்டுகிற மெஷினில் இரண்டு மணி நேரத்திலேயே அந்தக் கவன அளவைத் தொட்டுவிடுவோம். இதை எனக்கு எந்தக் கடையிலும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது மெஷினுக்குப் போனபோது பார் மாட்டி, டேங்க் நிரப்பித்தான் கையில் வாங்கினேன். வெறும் டேங்கோடு எல்லாமே லேசுதான். முன்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கினால் பாரின் மூக்கு பெரிதாகக் குத்தி விழக் கூடாது. விழுந்தால் நாள் முழுக்க மணிக்கட்டுத்தான் அதைத் தாங்கும். பெருவிரல் பிடிக்குக் கீழால் சுற்றி வர வேண்டும். அடிமரம் தறிக்கும்போது மெஷினைச் சரித்துப் பிடிப்போம், இடது கை பிடியின் பக்கவாட்டுக்குப் போகும். ஆகவே அங்கேயும் பிடித்துப் பார்த்தேன். பின்பிடியில் விரலை நீட்டி வலிக்காமல் வேகத்தைக் கூட்டுகிற விசை எட்டியது. ரப்பர் அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தாலும் கூடாது, பார் நம் சொல் கேட்காது.

அப்புறம் ஒன்று: செயின் மழுங்கினால் எந்தப் பிடியும் காப்பாற்றாது. மரத்தைத் தின்னாமல் துள்ளும், நாமும் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். கிழிந்த ரப்பரும் அப்படித்தான், உடனே மாற்றிவிடுகிறேன்.

இப்போது என்னோடு ஒரு தம்பி வருகிறான். ஒரு டேங்க் பெற்றோல் முடிந்ததும் "அண்ணன், தாங்க" என்று கையை நீட்டுவான். கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து, அடுத்த செயினுக்கு உருண்டை அரம் போடுவேன்.