எழுபது வளைவும் ஒரு தூக்குப்போசியும்

கொல்லிமலைக்குச் சைக்கிளும் கூடாரமுமாகப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் மாருதி ஆம்னி வேனில் புளித்த மாவின் வாசம் போகவில்லை. எலுமிச்சைத் தோலால் தேய்த்தாயிற்று, சாம்பிராணியும் போட்டாயிற்று. இப்போது சாம்பிராணி போட்ட மாவின் வாசம் வருகிறது. இவரோ இதை வண்டிக்கு நேர்ந்த விபத்தாகப் பார்க்கவில்லை. தன் அளவு நாடாவுக்கு நேர்ந்த அவமானமாகவே இன்றுவரை கருதி வருகிறார்.

ஆம்னியின் நீளம் 3,370 மில்லிமீட்டர், அகலம் 1,410 மில்லிமீட்டர் என்பதை, வீட்டில் எல்லோருடைய ஜாதகமும் எழுதி வைத்திருக்கும் அதே நோட்டில் இவர் எழுதி வைத்திருக்கிறார். 2019இல் தயாரிப்பையே நிறுத்திவிட்ட வண்டிக்கு இனி அளவு மாற வாய்ப்பில்லை என்றாலும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் புதிதாக அளந்து பார்ப்பார். அந்த அளவுக்குள் இரண்டு சைக்கிள், ஒரு கூடாரம், நான்கு பேருக்கான படுக்கை, அடுப்பு, பாத்திரம், துணிமணி, அவற்றோடு அந்த நான்கு பேர் ஆகிய அனைத்தும் அடங்கியாக வேண்டும் என்பது இவருடைய விரதம். சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, செயின் இருக்கும் பக்கம் எதன்மீதும் அழுந்தாதபடி பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்துவார். பெடலைக் கழற்றும்போதெல்லாம், இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் தலைகீழானது, அதை வலப்பக்கமாகத் திருகித்தான் கழற்ற வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுப்பார். எதிர்வீட்டு இஸ்திரிக்காரருக்குக்கூட அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இடத்தை மிச்சம் பிடிக்கவென்று இவர் வாங்கிக் குவித்தவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமுக்கினால் தட்டையாகிவிடும் சிலிக்கான் குவளை, ஒன்றுக்குள் ஒன்று போய்க் கடைசியில் எரிவாயுக் குப்பியையும் தன் வயிற்றில் வாங்கிக்கொள்ளும் பாத்திரங்கள், கைப்பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி ஸ்வெட்டரைப் பப்படமாக்கும் பிளாஸ்டிக் பை, ஊதிப் படுக்கும் மெத்தை. கூடாரத்தின் கம்பிகளைத் தனியே பிரித்துக் கதவோரம் செருகிவிட்டுத் துணியை மட்டும் கிடைத்த சந்துகளில் திணிப்பார். ஸ்லீப்பிங் பேக்கை ஒருபோதும் சுருட்டக் கூடாது, ஒழுங்கில்லாமல் திணிக்கத்தான் வேண்டும், ஒரே மடிப்பில் மறுபடி மறுபடி சுருட்டினால் உள்ளிருப்பது நைந்துவிடும் என்பார். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. இறகு அடைத்த அந்தப் பைகளைப் பயணத்தின்போது மட்டும்தான் இறுக்கி வைக்கலாம். வீட்டில் காற்றாடத் தளர்த்தி வைக்காவிட்டால் உப்பும் தன்மையே போய்விடுமாம். ஆகவே வண்டிக்குள் ஒரு தலையணை அளவுக்குச் சுருங்கும் பொருள், ஆண்டின் மீதி நாளெல்லாம் என் பீரோவின் பாதியை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. என் பட்டுப் புடவைகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் குடியிருக்கின்றன. இதை நான் கேட்டால், வண்டியின் கொள்ளளவும் வீட்டின் கொள்ளளவும் வேறு வேறு கணக்கு என்கிறார்.

கிளம்பும் அன்று விடியற்காலையில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டு, இன்னும் இரண்டு ஜாண் இடம் மிச்சம் இருக்கிறது என்று இவர் உரக்கச் சொன்னதுதான் வினை. வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த அத்தையின் காதில் அது விழுந்துவிட்டது. அத்தை எதுவும் பேசவில்லை. உள்ளே போனார். முதலில் பவானி ஜமக்காளம் வந்தது. அடுத்து இரும்புத் தோசைக்கல், எவர்சில்வர் டம்ளர்கள், முறுக்கு டப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முறம், கடைசியாக முந்தின இரவு ஆட்டிய மாவு நிறைந்த தூக்குப்போசி. "இதுக்கு எவ்வளவு எடம் ஆயிரப் போகுது கண்ணு?" என்று அவர் கேட்ட தொனியில், பதில் சொல்லும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை. ஊதும் மெத்தை இருக்கும்போது ஜமக்காளம் எதற்கு என்று இவர் முனகியதற்கு, காற்றில் படுக்க நான் என்ன அனுமாரா என்றார்.

தூக்குப்போசிக்குக் கிடைத்த ஒரே இடம் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில்தான். ஆம்னியின் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை அந்த வண்டியில் சித்திரை வெயிலில் போனவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 796 சி.சி. எஞ்சின், முழுப் பாரத்தோடு, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மாறி மாறி ஏறினால் என்ன சூடு பிறக்கும் என்பது மாவுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

அதற்கு முன்பே காரவள்ளியில் ஒரு சிறு கலகம் நடந்தது. இவரும் மகளும் அங்கிருந்து சைக்கிளில் ஏறுவதாகத் திட்டம். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஏதாவது அட்டையைச் செருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பிரேக்கை அழுத்தியதும் இரண்டு கட்டைகளும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், சக்கரம் திரும்ப நுழையாது. இவர் செருகித்தான் வைத்திருந்தார். வழியில் டீக்கு நிறுத்தியபோது வண்டியைச் சுத்தம் செய்த அத்தை அந்த அட்டைகளைக் குப்பை என்று எடுத்து எறிந்ததோடு, சைக்கிளை நகர்த்த வாகாக இருக்கிறதே என்று பிரேக்கையும் பிடித்து இழுத்திருக்கிறார். சக்கரம் நுழையாமல் இவர் வியர்த்துக்கொண்டிருக்க, கட்டையை நெம்ப அத்தை அன்போடு நீட்டியது தோசைத் திருப்பி. அதில் எண்ணெய் இருக்கிறது, பிரேக் கட்டையில் எண்ணெய் பட்டால் இறக்கத்தில் சைக்கிள் நிற்காது என்று இவர் அலறிய அலறலில், டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் கைகொடுத்தது.

அவர்கள் முன்னால் மிதிக்க, நான் பின்னால் ஊர்ந்தேன். முப்பதாவது வளைவைத் தாண்டியபோது மகளுக்காக வாங்கியிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பத் தொடங்கின. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் போவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது, அது இயற்கை. ஸ்வெட்டர்ப் பையின் மூடி கழன்று, அது பெருமூச்சு விட்டுப் பழைய உருவத்துக்குத் திரும்பியது மட்டும் மலையின் குற்றமில்லை, மட்டமான மூடியின் குற்றம். அந்த ஸ்வெட்டர் மூட்டை விரிந்து தள்ளியதில் தூக்குப்போசியின் மூடி நெகிழ்ந்தது. ஊரிலிருந்து இறுக்கி, அமுக்கி, உறிஞ்சி, மடித்து எடுத்து வந்த அத்தனையும் அந்த மலையில் ஒரே நேரத்தில் விடுதலை கேட்டது. மாவு பொங்கி வழிந்து, நோட்டில் வரைபடம் போட்டுத் திணித்த ஒவ்வொரு சந்துக்குள்ளும் இவரைவிட நேர்த்தியாகப் புகுந்தது. "அம்மிணி, மாவு நல்லாப் புளிச்சிருக்குது" என்றார் அத்தை. அவர் குரலில் வருத்தத்தின் சாயலே இல்லை.

செம்மேட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவருடைய காப்பித் தோட்டத்தில் கூடாரம் அடித்தோம். இவருடைய உள்ளங்கை அகல அடுப்பில் இரும்புத் தோசைக்கல் நிற்க மறுத்ததால், தோட்டக்கார அம்மாவின் விறகடுப்பில் மிஞ்சிய மாவு தோசையானது. மிளகு தட்டிப் போட்ட அந்தத் தோசையை இவர் எத்தனை சாப்பிட்டார் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நள்ளிரவில் ஊதும் மெத்தை ஓசையில்லாமல் தரையோடு தரையாகிவிட்டது. குளிர் நன்றாக இறங்கியிருந்தது. காலையில் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தால், பவானி ஜமக்காளத்தில் பாதிக்கு மேல் இவர்தான் கிடந்தார். அத்தை விளிம்பில் ஒடுங்கிப் படுத்து, மீதியை மகன்மேல் போர்த்திவிட்டிருந்தார். அதைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மூட்டை கட்டும்போது ஜமக்காளத்தை இவரே மடித்து, மெத்தைக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் வைத்ததைப் பார்த்தேன்.

திரும்பும்போது மாவும் இல்லை, சிப்ஸும் இல்லை. ஆகவே இடம் இருந்தது. ஆகவே இரண்டு பலாப்பழமும் ஒரு கூடை அன்னாசியும் ஏறின. ஒரு பலாப்பழத்துக்கு சீட் கிடைத்தது. இவர் ஒரு சக்கரத்தை மடியிலும் இன்னொன்றைக் கழுத்திலுமாக வைத்துக்கொண்டு ஈரோடு வந்து சேர்ந்தார்.

இப்போது ஆம்னியின் கூரைமேல் கேரியர் பொருத்தி, சைக்கிள்களை அங்கே ஏற்றிவிட்டால் உள்ளே முழுதாக ஒரு ஆள் இடம் மிஞ்சும் என்று இவர் படம் வரைந்துகொண்டிருக்கிறார். நேற்று மாலை அத்தை கவுந்தப்பாடிச் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வண்டியில் இனிமேல் இடம் நிறைய இருக்குமாம், அடுத்த தடவை நீயும் கிளம்பிவிடு, வரும்போது உன் ஆட்டுக்கல் மாவில் கொஞ்சம் கொண்டு வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.