பாட்டிலின் அடியில் இருந்த வெள்ளை

ஓமான் பாலைவனத்தில் ஓர் எண்ணெய் வயலில் வேதியியலாளராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கிணற்றின் பம்ப் இறுகி நின்றுவிட்டது. நம் ஊர் போர்வெல்லில் இறக்குகிற சப்மெர்சிபிள் போன்றதுதான் அதுவும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கும் அதிகமான இம்பெல்லர்கள், கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மேலே இழுத்துப் பிரித்தபோது, இம்பெல்லர் இடுக்குகளெல்லாம் வெந்நீர் அண்டாவின் உட்புறம் மாதிரி வெள்ளையாகப் படிவு (ஸ்கேல்) கட்டிப் போயிருந்தன. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் அறிக்கையில் ‘ஸ்கேல் பிடிக்க வாய்ப்புக் குறைவு’ என்று எழுதி மூன்று மாதங்களுக்கு முன் கையெழுத்துப் போட்டது நான்தான்.

கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை. தண்ணீரிலிருந்து படிவு உண்டாகுமா என்று சொல்லும் நிறைவுக் குறியீடு சுழியத்தை ஒட்டியே வந்தது. சுழியத்துக்கு மேலே போனால்தான் படிய வாய்ப்பு.

கிணறுகளைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் இராமநாதபுரத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆய்வகத்தில் மிச்சமிருந்த அந்தப் பழைய மாதிரி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “தம்பி, அடியில வெள்ளையா படிஞ்சிருக்கே, இதையும் கணக்குல சேர்த்தீங்களா?” என்றார்.

“இல்லண்ணே.”

விரலால் தேய்த்தேன். நறநறவென்று இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டதும் சுர்ரென்று நுரைத்துக் கரைந்தது. கால்சியம் கார்பனேட். பம்பை அடைத்த அதே சுண்ணம்.

பூமிக்கடியில் அழுத்தம் இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து கிடக்கும். பம்பின் வாய்க்கு வரும்போது அழுத்தம் விழும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு வெளியேறும். பிஎச் ஏறும், சுண்ணம் பிரியும். போதாததற்கு மோட்டாரின் சூடு வேறு. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும். இந்தச் சுண்ணம் அதற்கு நேர்மாறு. கிணற்றுக்குள் நடந்த இதே வேலைதான் பாட்டிலுக்குள்ளும் நடந்திருக்கிறது. மூன்று நாள் கழித்து ஆய்வகத்துக்கு வந்த தண்ணீர், படிய வேண்டியதைப் படியவிட்டு அடங்கிவிட்ட தண்ணீர். அதன் மிச்சத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன். படிந்து முடிந்த தண்ணீரில் குறியீடு சுழியத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அத்தனை அழகாகச் சுழியம் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் இந்தக் குறியீடுகளின் கதையை ஒழுங்காகப் படித்தேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்கலியர் 1936இல் தன் குறியீட்டை வெளியிட்டது, குடிநீர்க் குழாய்களின் உட்புறம் மெல்லிய சுண்ணப் பூச்சு ஒன்று தானே படிந்து, துரு பிடிக்காமல் காக்க வேண்டும் என்பதற்காக. சுண்ணம் கொஞ்சம் படியட்டும் என்று நினைத்தவர் அவர். நாமோ படியவே கூடாது என்று அதையே பார்க்கிறோம். எண்ணெய் வயலின் கடும் உப்புநீருக்கு அது அப்படியே பொருந்தாது என்பதால், 1952இல் ஸ்டிஃப், டேவிஸ் இருவரும் அதைத் திருத்தினார்கள். எனக்கு வழி காட்டியது 1982இல் ஓடோவும் டாம்சனும் தந்த முறை. பிஎச்சை அளக்காமலே, வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் அழுத்தத்தையும் வைத்துக் கணக்கிடலாம். ஆனால் அதில், சுண்ணம் படியும்போது தண்ணீரில் குறைந்துபோகும் பைகார்பனேட் இருமடியாக வருகிறது. பைகார்பனேட் பாதியாகப் பதிவானால் குறியீடு 0.6 குறைந்துவிடும். ஸ்கேல் வரும், வராது என்ற தீர்ப்பையே மாற்ற அது போதும்.

அடுத்த வாரம் நானே பிஎச் மீட்டரோடு கிணற்றடிக்குப் போனேன். தண்ணீரைப் பிடித்த கணத்தில் 6.2. கையில் பிடித்திருக்கும்போதே 6.3, 6.5 என்று ஏறியது. அன்று முதல் ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு பாட்டில். ஒன்றில் முன்கூட்டியே அமிலம் விட்டு, வடிகட்டிய தண்ணீரை அதில் பிடிப்போம், கால்சியம் படியாது. இன்னொன்றைக் காற்றே இல்லாமல் வழிய வழிய நிரப்பி, பைகார்பனேட்டை அங்கேயே, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் செய்வோம். அசெடேட் இருக்கும் தண்ணீரில் அதையும் பைகார்பனேட் என்றே டைட்ரேஷன் எண்ணிவிடும். அதையும் தனியாகக் கழிக்க வேண்டும்.

அந்தக் கிணற்றின் புதுக் குறியீடு 1ஐத் தாண்டியது. பம்புக்குக் கீழேவரை மெல்லிய குழாய் இறக்கி, பாஸ்போனேட் தடுப்பானை அங்கேயே செலுத்த ஏற்பாடு செய்தோம். பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே படிகம் வளராமல் தடுத்துவிடும்.

சரி, சுண்ணமாவது அமிலத்தில் கரைகிறது. பேரியம் சல்ஃபேட்டுக்கு அந்த இரக்கமும் கிடையாது. லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்ஃபேட் உள்ள கடல்நீரைப் பேரியம் உள்ள பாறைநீரோடு சேர்த்தால், தனித்தனியே சாதுவாக இருந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் கல்லாகும். வடகடலின் மில்லர் வயலில் ஒரு கிணறு நாளைக்கு 30,000 பீப்பாயிலிருந்து 24 மணி நேரத்தில் சுழியத்துக்கு விழுந்தது இப்படிப்பட்ட படிவால்தான்.

குறியீடு ‘படியலாம்’ என்று மட்டும்தான் சொல்லும். எப்போது, எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. 1க்கு மேல் இருந்தும் வருடக்கணக்கில் சுத்தமாக ஓடிய கிணறுகளைப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் இளம் வேதியியலாளர் ஒருவர் அறிக்கை அனுப்பினார். குறியீடு 0.05. மாதிரி பிடித்த நேரம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. திருப்பி அனுப்பினேன், பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொன்னேன்.